மூன்று கோப்பை ஜெயித்த அணி... மறு வருஷம் காணோம்!

பிரேக் கிடையாது. மாற்றுவதற்குக் கியர் கிடையாது. டேங்கில் ஊற்றுவது பெட்ரோல் அல்ல, மெத்தனால். இப்படி ஒரு 500 சிசி பைக்கில் ஏறி உட்கார்ந்து, நீள்வட்டப் பாதையில் நான்கு சுற்று. ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்!

இதுதான் ‘ஸ்பீட்வே’. பிரிட்டனில் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாக நடந்துவரும் பைக் பந்தயம். நம் ஊரில் பைக் ரேஸ் என்றால் தனி ஆளின் சாகசம். அங்கே அது ஓர் ஊரின் மானப் பிரச்னை. காரணம், ஸ்பீட்வே அங்கே அணி விளையாட்டு.

ஒரு நிமிட யுத்தம்

அணிக்கு ஏழு பேர். ஒரு பந்தயத்தில் அணிக்கு இருவர் வீதம் நான்கு பேர் மோதுவார்கள். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்குப் பூஜ்யம். இப்படி ஒரே மாலையில் 15 பந்தயங்கள். மொத்தமுள்ள 90 புள்ளிகளில் யாருக்கு அதிகமோ, அவர்களுக்கே வெற்றி.

ஓடுபாதையில் நொறுக்கிய கல்துகள் பரப்பியிருக்கும். எல்லா வளைவும் இடதுபக்கம்தான். வளைவு வந்ததும் வண்டியின் பின்சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, இரும்பு லாடம் கட்டிய இடது காலைத் தரையில் தேய்த்தபடி திரும்புவார்கள். வேகம் குறைய வேண்டுமென்றால் அந்தச் சறுக்கல்தான் வழி. விழுந்தால்? மணிக்கட்டில் கட்டிய கயிறு இழுபட்டு இன்ஜின் தானாக அணைந்துவிடும். உடம்புக்கு அப்படி ஒரு கயிறு இல்லை.

இரண்டாம் படி வாழ்க்கை

பிரிட்டன் ஸ்பீட்வேயில் முதல் டிவிஷன் ‘பிரீமியர்ஷிப்’. அதற்கடுத்த படி ‘சாம்பியன்ஷிப்’. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இதுதான் இரண்டாம் நிலை!

இங்கே ஓட்டுபவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. எடுக்கும் புள்ளிக்குத் தகுந்தபடிதான் கூலி. பைக், இன்ஜின், டயர், பயணம் எல்லாம் அவரவர் பொறுப்பு. காயம்பட்டுப் படுத்தால் வரவு பூஜ்யம். அதனாலேயே பலர் வேறு வேலையும் பார்க்கிறார்கள். சிலர் மேல் டிவிஷன் அணி ஒன்றிலும் சேர்ந்து, வாரத்தில் பல நாள் வேனிலேயே ஊர் ஊராக ஓடுகிறார்கள். மார்ச் மாதம் ஆரம்பித்து அக்டோபர் வரை இதே ஓட்டம்தான். நடுவே மழை பெய்தால் போட்டி ரத்து, அன்றைய வரும்படியும் போச்சு.

உச்சியில் ஒரு சீசன்

இந்த லீக்கின் 2018 சீசன் மறக்க முடியாதது. இங்கிலாந்தின் வடமேற்குக் கடலோரத்தில், கம்ப்ரியா பகுதியில் இருக்கிறது வொர்க்கிங்டன். சுமார் 25 ஆயிரம் பேர் வாழும் சின்ன ஊர். ஒரு காலத்தில் ரயில் தண்டவாளம் தயாரித்துப் பெயர் வாங்கிய ஊர். 2006-ல் அந்தத் தொழிலும் போய்விட்டது.

அந்த ஊரின் அணி ‘காமெட்ஸ்’. 1970-ல் தொடங்கி, நடுவில் நின்றுபோய், 1999-ல் மறுபடி எழுந்து வந்த அணி. 2018-ல் லீக் பட்டம், நாக்-அவுட் கோப்பை, ஷீல்டு என மூன்றையும் ஒரே சீசனில் அள்ளியது!

இறுதிப் போட்டியில் எதிரே நின்றது லண்டனுக்குக் கிழக்கே இருந்த லேக்சைட் ஹாம்மர்ஸ். அவர்கள் நிலைமை இன்னும் மோசம். சீசன் முடிவதற்குள்ளேயே சொந்த மைதானம் கைவிட்டுப் போக, கடைசிக் கட்டத்தில் ‘ஹோம்’ போட்டிகளை வேறோர் ஊரில் நடத்தினார்கள்.

மறு ஆண்டு, 2019 சீசனுக்கான அணிகள் பட்டியலில் இரண்டு பெயருமே இல்லை. ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை!

ஏன் இப்படி?

பல ஸ்பீட்வே கிளப்புகளுக்குச் சொந்த மைதானம் கிடையாது. நாய்ப் பந்தயத்துக்கோ, ரக்பிக்கோ, கால்பந்துக்கோ உரிய மைதானத்தில் பங்காளியாக ஒண்டியிருக்கிறார்கள். காமெட்ஸ் ஓடிய டெர்வென்ட் பார்க்கும் ரக்பி அணியோடு பகிர்ந்துகொண்ட இடம்தான். கூட்டம் குறைந்தாலோ, இடத்துக்காரர் மனம் மாறினாலோ கதை முடிந்தது. முதல் டிவிஷனும் இதற்கு விதிவிலக்கல்ல. 2023 சீசனோடு வால்வர்ஹாம்ப்டன், பீட்டர்பரோ என இரண்டு பழைய அணிகள் மைதானத்தை இழந்தன.

ஜெயிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு அணி மட்டும் பலசாலி ஆகிவிடக் கூடாது என்பதற்காக, ஏழு பேரின் சராசரிப் புள்ளிகளைக் கூட்டி அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். எல்லோரும் நன்றாக ஓட்டினால் கூட்டுத்தொகை ஏறிவிடும், அடுத்த வருஷம் யாரையாவது அனுப்பியே ஆக வேண்டும். ஜெயித்த அணி பிரியத்தான் வேண்டும் என்பது கிட்டத்தட்ட விதி.

விதை முளைத்தது

ஆனாலும் அந்த மண் வீண்போகவில்லை. காமெட்ஸ் அணிக்காக 2016-ல் ஓட்ட வந்தார் டான் பியூலி என்ற 17 வயதுப் பையன். அதே கம்ப்ரியா மண்ணின் மைந்தர். 2018-ல் விழுந்து பலத்த காயம். பலர் அத்தோடு விலகியிருப்பார்கள். அவர் திரும்பி வந்தார். 2021-ல் மான்செஸ்டரில் பிரிட்டன் அணி உலகப் பட்டம் வென்றபோது அதில் அவரும் ஒருவர். 1989-க்குப் பிறகு பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் அணிப் பட்டம் அது! 2022-ல் கார்டிஃப் கிராண்ட் பிரீயிலும் அவரே முதலிடம்.

காமெட்ஸும் சும்மா இருக்கவில்லை. சில வருட இடைவெளிக்குப் பின், அதே ஊரில் நார்த்சைடு என்ற வேறு தடத்தில் கீழ்ப்படியிலிருந்து மறுபடி தொடங்கியது. பிறகு இரண்டாம் நிலை லீக்குக்கும் ஏறி வந்துவிட்டது.

இந்த லீக் ரசிகர்களுக்குக் கோப்பை இரண்டாவது கவலைதான். புது சீசனின் அணிப் பட்டியல் வந்ததும், முதலில் தங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்றுதான் தேடுகிறார்கள். இருந்துவிட்டால், அந்த வருஷத்தின் முதல் வெற்றி அதுதான்!