காற்றுக்குப் பயந்து கட்டிய பாலம்

போன வாரம் ஸ்காட்லாந்தின் டே பாலத்தை ஆற்றுக்குள் விட்டுவிட்டு வந்தோம். 1879 டிசம்பர் 28 இரவு, புயலில் பாலத்தின் உயரமான நடுப்பகுதி சரிய, அதன்மேல் போய்க்கொண்டிருந்த ரயிலும் கூடவே போனது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. வடிவமைத்த தாமஸ் பௌச், காற்றின் அழுத்தத்துக்கென்று தனியாக எதையும் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பது விசாரணையில் வெளிவந்தது.

இதே பௌச்தான் தெற்கே ஃபோர்த் கழிமுகத்துக்கும் ஒரு தொங்குபாலம் வரைந்து வைத்திருந்தார். அடிக்கல்கூட நாட்டியாகிவிட்டது. டே விழுந்ததும் அதைச் சுருட்டி வைத்துவிட்டு, ஜான் ஃபௌலர், பெஞ்சமின் பேக்கர் இருவரிடமும் வேலையை ஒப்படைத்தார்கள். இந்த முறை சதுர அடிக்கு 56 ராத்தல் காற்றழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பது நிபந்தனை.

பேக்கருக்கு அந்த எண்ணே அதிகம் என்று பட்டது. கழிமுகத்தின் நடுவிலுள்ள இன்ச்கார்வி தீவில் காற்றை அளக்கப் பலகைகளை நிறுத்தினார். ஒன்று 300 சதுர அடி. மற்றவை ஒன்றரைச் சதுர அடி. சின்னப் பலகைகள் காட்டிய அழுத்தத்தைப் பெரிய பலகை காட்டவில்லை. காற்று சீராக வீசுவதில்லை. பெரிய பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் அறைவதில்லை. ஆனாலும் 56-ஐக் குறைக்கவில்லை. தூண்களின் கால்களைப் பார்த்தாலே தெரியும்: உச்சியில் 33 அடி இடைவெளி, அடியில் 120 அடி. தள்ளினாலும் சாயாதபடி காலை அகட்டி நிற்கிறது.

1887-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேசிய பேக்கர், ஒரு புகைப்படத்தைக் காட்டினார். இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை இருபுறமும் நீட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கையும் ஒரு கழியின் நுனியைப் பிடித்திருக்கிறது. கழியின் மறுமுனை நாற்காலியில் ஊன்றியிருக்கிறது. இரு ஓரங்களிலும் செங்கல் அடுக்கு. நடுவில் தொங்கும் பலகையில் சாவகாசமாக உட்கார்ந்திருப்பவர் கைச்சி வாட்டனாபே என்ற ஜப்பானிய எஞ்சினியர். அவர் பாரத்தில் கைகள் இழுபடுகின்றன, கழிகள் அமுங்குகின்றன, செங்கற்கள் ஓரத்தை மேலெழாமல் பிடித்துக்கொள்கின்றன. கேன்டிலீவர் என்றால் இவ்வளவுதான். இதைவிடத் தெளிவான பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

பாலத்தின் படம் கிடைத்தால் கவனித்துப் பாருங்கள். கழிகள் இருந்த இடத்தில் தடித்த உருக்குக் குழாய்கள். பெரியவற்றின் விட்டம் 12 அடி. கைகள் இருந்த இடத்தில் பின்னல் வேலை. அமுக்கம் எங்கே, இழுப்பு எங்கே என்று தூரத்திலிருந்தே படித்துவிடலாம். 521 மீட்டரில் இரண்டு கண்கள்; அன்றைக்கு உலகத்தில் அதைவிட நீளமான கண் எந்தப் பாலத்துக்கும் கிடையாது.

1890 மார்ச் 4 அன்று திறந்தார்கள். வேலையில் இறந்தவர்கள் 57 பேர் என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். உள்ளூர் ஆய்வாளர்கள் பிற்பாடு தேடித் தொகுத்த பட்டியலில் 73 பெயர்கள் இருக்கின்றன.

எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. கவிஞர் வில்லியம் மோரிஸுக்கு அது அவலட்சணம். அமெரிக்க எஞ்சினியர் தியடோர் கூப்பருக்கோ உருக்கை வாரி இறைத்த அசட்டு வேலை. தம் கையில் ஒரு கேன்டிலீவர் பாலம் வந்தபோது அவர் இன்னும் நீளமாக, 549 மீட்டருக்கு, கண்ணை இழுத்தார். கூடிய எடைக்குக் கணக்கை மறுபடி போடவில்லை. கனடாவின் கியூபெக் நகருக்கு அருகே 1907 ஆகஸ்ட் 29 மாலை அதற்கு என்ன ஆயிற்று என்பது அடுத்த வாரம்.