ஆண்டுக்கோர் அணி

2016-இல் பாட்னா பைரேட்ஸ், 2017-இல் புணேரி பல்டன், 2018-இல் யு மும்பா, 2019-இல் ஹரியாணா ஸ்டீலர்ஸ். நான்கு ஆண்டுகளில் நான்கு சீருடைகளை அணிந்தவர் தஞ்சாவூர் மாவட்டத்துக் கபடி வீரர் தர்மராஜ் சேரலாதன். திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. பாட்னா அணிக்குத் தலைமையேற்றுக் கோப்பையை வென்றவர் அவர். அதே ஆண்டு ஆமதாபாதில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். நாற்பது வயதைக் கடந்த பின்னரும் அவரை ஏலத்தில் எடுக்க அணிகள் இருந்தன. நிலையாக வைத்துக்கொள்ளத்தான் எந்த அணியும் இல்லை.

2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக்கின் அமைப்பே அத்தகையது. ஒவ்வோர் அணியும் சில வீரர்களை மட்டும் தக்கவைத்துக்கொண்டு மற்றவர்களை விடுவிக்கிறது. விடுவிக்கப்பட்டவர் மீண்டும் ஏலத்துக்கு வருகிறார். எந்த ஊருக்கு ஆடுவது என்பதை முடிவு செய்வது அவரல்லர், அதிக விலை கேட்பவர். தொழிலாளி முதலாளியைத் தேர்ந்தெடுக்க இயலாத விந்தையான சந்தை இது!

விலையிலும் ஏற்றத்தாழ்வு பெரிது. 2018-இல் மோனு கோயத் ரூ.1.51 கோடிக்கும், 2023-இல் பவன் செராவத் ரூ.2.6 கோடிக்கும் ஏலம் போயினர். இருவருமே பாடிச் செல்பவர்கள், பிடிப்பவர்கள் அல்லர். திறமையில் சிறிதளவே வேறுபாடு இருந்தாலும், ஊடகம் வழியாகப் பெருந்திரளைச் சென்றடையும் தொழில்களில் அது வருவாயில் மலையளவு வேறுபாடாகும் என்று சிகாகோ பொருளியலறிஞர் ஷெர்வின் ரோசன் 1981-இல் விளக்கினார். நட்சத்திரத்தைப் பார்க்கவே தொலைக்காட்சியின் முன் கூட்டம் அமர்கிறது. அவருக்குப் பக்கத்தில் நின்று கணுக்காலைப் பிடிப்பவரின் பெயரை எத்தனை பேர் கேட்கிறோம்?

எங்கள் கிளியனூரிலிருந்து கிழக்கே சென்றால் மரக்காணம் உப்பளங்கள். அங்கும் உழைப்பு பருவத்துக்கு உட்பட்டதே. வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்திகளில் வேலையில்லை. அம்மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு ரூ.5,000 நிவாரணம் வழங்குகிறது. தொகை சிறிதுதான். ஆயினும், வேலையற்ற காலம் என்று ஒன்று உண்டு என்பதையாவது அது ஒப்புக்கொள்கிறது. கபடி வீரருக்கு ஆட்டக்காலம் ஆண்டில் சில மாதங்களே. கரோனாவால் 2020-இல் லீக் நடைபெறவே இல்லை. 2022-இல் தமிழ் தலைவாஸ் அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயமுற்ற பவன் செராவத் அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். கோடி பெற்றவர் அதைத் தாங்குவார். சில லட்சம் பெற்றவர்?

வட அமெரிக்கப் பனி ஹாக்கியிலும் இவ்வாறு அணிவிட்டு அணி மாறும் முன்கள வீரர்கள் ஏராளம். ஆனால், அங்குள்ள தேசிய லீக் வீரர்களுக்கு 1967 முதல் சங்கம் இருக்கிறது. குறைந்தபட்ச ஊதியத்தைக் கூட்டுப்பேரம் முடிவு செய்கிறது. நம் வீரர்களுக்குச் சங்கத்தின் இடத்தில் நிற்பது ரயில்வே, காவல்துறை, பொதுத்துறை நிறுவனங்களின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையே. லீக் பணம் வந்துபோகும். மாதச் சம்பளமே வீட்டை நடத்தும்.

ஆகவே, பொங்கல் போட்டிகளில் நன்றாக ஆடும் மகனைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிடலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வேண்டாம். தமிழக அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்குப் போட்டிச் சான்றிதழ் மட்டும் போதாது. பதவிக்குரிய கல்வித் தகுதியும் வேண்டும்.