விரற்காயமும் மரப்பூசியும்

அறுந்த இழையைத் தேடி முடிச்சிடுவதும், நாற்றைப் பிரித்து நடுவதும் விரல்நுனியின் உணர்ச்சியால் நடைபெறும் தொழில்கள். கருக்கரிவாளோ விசைத்தறியின் பல்சக்கரமோ விரலைக் கிழித்துவிட்டால், தையலிடுமுன் வைத்தியர் மரப்பூசி போடுவார். அவ்வூசியைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

ஒவ்வொரு விரலிலும் உணர்ச்சி நரம்புகள் நான்கு ஓடுகின்றன: உள்ளங்கைப் பக்கம் இரண்டு, புறங்கைப் பக்கம் இரண்டு. விரல்நுனி இறுக்கமான பகுதியாதலால், காயத்திலேயே மருந்தைச் செலுத்தினால் வீக்கமும் வலியும் மிகும். ஆகவே விரலின் அடியில் நரம்புகளை மரக்கச் செய்வதே வழக்கம். அடிவிரலின் இருபுறமும் குத்துவது பழைய முறை. விரல் முழுவதும் மரத்துவிடும். உள்ளங்கைப் பக்கம், விரல் தொடங்கும் ரேகையில், தோலுக்கடியில் ஒரே குத்தாகப் போடுவது மற்றொரு முறை. விரல்நுனிக் காயத்துக்கும் உட்புறக் காயத்துக்கும் இது போதும். அடிவிரலின் மேற்புறக் காயத்துக்குச் சில சமயம் போதாது. பல விரல்கள் ஒருங்கே காயமுற்றால் மணிக்கட்டில் போடுவதும் உண்டு.

பெரும்பாலும் பயன்படும் மருந்து, 1943-இல் சுவீடனில் கண்டறியப்பட்ட லிக்னோகெயின். இரத்தப் பெருக்கைக் குறைக்க இதனுடன் அட்ரினலின் சேர்ப்பதுண்டு. அதனால் விரல் அழுகும் என்று நெடுங்காலம் போதித்து வந்தனர். 2005-இல் வெளியான ஆய்வொன்றில், கையிலும் விரலிலும் அதனைச் செலுத்திய 3,110 சிகிச்சைகளில் ஒன்றிலேனும் விரல் இழப்பு நேரவில்லை. எனினும், ஏற்கெனவே இரத்த ஓட்டம் குன்றிய விரல்களில் வைத்தியர்கள் அதனைத் தவிர்ப்பர்.

முறையைத் தேர்வது வைத்தியர் பொறுப்பு. நம் பொறுப்பும் ஒன்றுண்டு. ஊசி போட்டபின், விரல் மருந்தால் மரத்ததா, நரம்பு அறுந்து மரத்ததா என்று பிரித்தறிய இயலாது. அறுந்த நரம்பு கவனிக்கப்படாமற் போனால், தையல் ஆறிய பின்னும் விரல் இழையை உணராது. ஆதலின் ஊசிக்கு முன்பே, நுனியின் இருபுறமும் தொட்டால் தெரிகிறதா, விரல் மடங்கி நிமிர்கிறதா என்று சோதிக்கும்படி கேளுங்கள். மோதிரத்தை உடனே கழற்றிவிடுங்கள். முன்பு ஏதேனும் ஊசி ஒவ்வாமற் போயிருந்தால் மறைக்காமற் சொல்லுங்கள்.

மருந்தின் வேகம் தணிய ஓரிரு மணி நேரம், சில மருந்துகளில் அதனினும் அதிகம் ஆகும். அதுவரை அடுப்பையும் தறியையும் அணுகலாகாது; சுட்டாலும் வெட்டினாலும் தெரியாது. ஒரு நாள் கூலி போயினும், விரலின் உணர்ச்சி போகாதிருத்தலே நமக்கு ஆதாயம்.