பக்திப் படமும் பூஜ்ய சதவீதமும்

கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஒரு நல்ல படம் வேண்டும். 'குடும்பத்தோடு காண வேண்டிய பக்திப் படம்' என்று விளம்பரம் சொன்னால் நம்மில் பலர் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. கருத்து நல்லதென்றால் படமும் நன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். இது சரிதானா என்று பார்க்க இரண்டு அமெரிக்கப் படைப்புகள் உதவும்.

முதலாவது, 2014 நவம்பரில் வெளியான 'சேவிங் கிறிஸ்துமஸ்'. இளம் வயதிலேயே தொலைக்காட்சியில் புகழ்பெற்ற கிர்க் கேமரன் இதில் கேமரனாகவே வருகிறார். அவருடைய தங்கை வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து. தங்கையின் கணவரோ, பண்டிகை வியாபாரமாகிவிட்டது, மரமும் சாண்டாவும் பைபிளில் இல்லாதவை என்று மனம் நொந்து காருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். கேமரன் அருகில் அமர்ந்து, ஒவ்வொன்றுக்கும் சமயப் பொருள் கூறி அவர் மனத்தை மாற்றுகிறார். இந்த மைத்துனராக நடித்தவர் படத்தின் இயக்குநர் டேரன் டோன்.

விமர்சனங்களைத் தொகுக்கும் 'ராட்டன் டொமேட்டோஸ்' இணையதளத்தில் இப்படத்துக்குக் கிடைத்தது 0 சதவீதம். இது பரீட்சையில் வாங்கும் பூஜ்யம் போன்றதல்ல. கணக்கில் சேர்ந்த விமர்சகர்களில் ஒருவர்கூடப் படம் நன்று என்று சொல்லவில்லை என்பதே இதன் பொருள். அங்கே போய் ஆதரவு தாருங்கள் என்று கேமரன் தம் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். செய்தி பரவியதும் எதிர்ப்பாளர்களும் திரண்டு வந்தார்கள்! 2015 பிப்ரவரியில், மோசமான படங்களுக்குத் தரும் 'ராஸி' விருதுகளில் நான்கு இதற்கே போயின.

அப்படியானால் விமர்சகர்களுக்குப் பக்தியே ஆகாதா? இரண்டாவது படைப்பைப் பாருங்கள். 1965-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' என்ற கார்ட்டூன் படம் அரை மணி நேரம்கூட ஓடாது. அதில் வரும் சிறுவனும் பண்டிகை வியாபாரமாகிவிட்டதே என்றுதான் வருந்துகிறான். அவனுடைய நண்பன் மேடையேறி, லூக்கா நற்செய்தியில் உள்ள இயேசு பிறப்புப் பகுதியை ஒப்புவிக்கிறான். வாதமோ விளக்கமோ இல்லை. இப்படம் எம்மி விருதும் பீபாடி விருதும் பெற்றது.

கேள்வி இரண்டிலும் ஒன்றே, நம்பிக்கையும் ஒன்றே. ஒன்று பெரும்பாலும் காருக்குள் நடக்கும் உபதேசமாக நின்றுவிட்டது. மற்றது ஒரு குழந்தையின் வருத்தத்தைக் கதையாக்கியது.

எந்தச் சமயத்துப் பக்திப் படமானாலும், எண்ணை மட்டும் பார்த்து ஒதுக்கவும் வேண்டாம், விளம்பரத்தை மட்டும் நம்பி வாங்கவும் வேண்டாம். விமர்சகர் சொல்லும் காரணத்தைப் படியுங்கள். அவர் குறை சொல்வது கருத்தையா, கதையையா என்று பாருங்கள். கதையில்லாத உபதேசத்தைப் பிள்ளைகள் பாதியிலேயே விட்டு எழுந்துவிடுவார்கள்.