கோவை மெட்ரோ ரெயில் பைல் டெல்லியில் இருந்து திரும்பி வந்தது ஏன்?

கோவை:

உக்கடத்தில் ஏறி நீலாம்பூரில் இறங்கலாம் என்று காத்திருந்த கோவை மக்களுக்கு 2025 நவம்பரில் டெல்லி கை விரித்தது. தமிழக அரசு அனுப்பிய மெட்ரோ ரெயில் திட்ட அறிக்கையை மத்திய நகர்ப்புற அமைச்சகம் திருப்பி அனுப்பி விட்டது. மதுரைக்கும் இதே கதிதான்.

மத்திய அரசிடம் மெட்ரோவுக்கு பணம் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. 2017-ம் ஆண்டு மெட்ரோ ரெயில் கொள்கைப்படி, மாநில அரசு முதலில் நகரத்தின் மொத்த போக்குவரத்து திட்டத்தை காட்ட வேண்டும். பஸ் போதாதா, தனிப்பாதை பஸ் சரிப்படாதா என்று ஒப்பிட்டு பார்த்து, மெட்ரோதான் வேணும் என்று நிரூபிக்கணும். அப்புறம்தான் விரிவான திட்ட அறிக்கை.

கோவைக்கு இதை தயாரித்தது சென்னை மெட்ரோ நிறுவனம். அவினாசி ரோடு, சத்தி ரோடு என 2 வழித்தடம். 34.8 கி.மீ. நீளம், 32 நிலையங்கள், செலவு சுமார் ரூ.10,740 கோடி.

டெல்லி போன பைலை அமைச்சகம் பரிசீலிக்கும். பிறகு பொது முதலீட்டு வாரியம் பார்க்கும். கடைசியில் பிரதமர் தலைமையிலான மந்திரிசபை ஓ.கே. சொல்லணும். கோவை பைல் முதல் படியிலேயே நின்று போனது.

50:50 பங்கு என்றதும் பாதி செலவை டெல்லி தரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மத்திய அரசும் மாநில அரசும் முதலீட்டில்தான் சம பங்கு போடும். மீதியை கடன் வாங்கி சமாளிக்கணும். சென்னை முதல் கட்ட மெட்ரோவுக்கு பெரும்பகுதி ஜப்பானின் ஜைக்கா கடன்தான்.

சிக்கல் எங்கே? 20 லட்சம் மக்கள் தொகை வேண்டும் என்கிறது மத்திய அரசு. 2011 கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சிக்குள் சுமார் 15.84 லட்சம் பேர். ஆனால் அதே கணக்கெடுப்பில் சுற்றியுள்ள நகர பகுதிகளையும் சேர்த்தால் 21 லட்சத்துக்கு மேல் வருகிறது! எந்த கோட்டுக்குள் எண்ணுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 2021-ல் கணக்கெடுப்பு நடக்காததால் பழைய எண்ணே பேசுகிறது. ஆக்ரா, பாட்னாவுக்கு மட்டும் எப்படி கிடைத்தது என்று தமிழக அரசு கேட்டது. பயணிகள் எண்ணிக்கையை கூட்டி காட்டியிருக்கிறார்கள், ரோட்டில் போதுமான அகலம் இல்லை என்றும் மத்திய அரசு தரப்பில் சொல்லப்பட்டது.

பட்ஜெட்டில் பெயர் வந்தாலும் பணம் உடனே வராது. ரூ.63,246 கோடியில் சென்னை மெட்ரோ 2-ம் கட்டம் 2021 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. மந்திரிசபை ஒப்புதல் கிடைத்ததோ 2024 அக்டோபரில். அதுவரை மாநில அரசுதான் செலவை தாங்கியது.

அதே அவினாசி ரோட்டில் 10.1 கி.மீ. மேம்பாலம் மாநில நிதியிலேயே கட்டப்பட்டு, 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. செலவு ரூ.1,791 கோடி. மெட்ரோவுக்கு அதைப்போல 6 மடங்கு பணம் வேண்டும். டெல்லியை விட்டால் மாநிலத்துக்கு வேறு வழி குறைவு.

அடுத்த மக்கள் தொகை கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 கணக்கு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. கோவையின் புது எண் அதில்தான் தெரியும்.