தவிட்டோடு விற்போம், மருந்தென்று விற்க வேண்டாம்

திருத்தணிப் பக்கம் மரபு அரிசியும் சிறுதானியமும் விற்கிற நம் உழவர்களிடம் வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதைச் சாப்பிட்டா சுகர் குறையுமா?" என்பதுதான். நகரி, புத்தூரிலிருந்து வருகிறவர்கள் இதையே தெலுங்கில் கேட்கிறார்கள். நான் வங்கி வேலையில் ஓய்வு பெற்று உழவுக்கு வந்தவன். சர்க்கரைக்கு மாத்திரையும் சாப்பிடுகிறவன். அதனால் நாம் சொல்லும் பதிலில் எனக்கு அக்கறை உண்டு.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இவர்களுக்கு நம் விளைச்சல் உதவுமா? உதவும். ஆனால் எந்த வடிவில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

தவிட்டின் வேலை

ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டுவது கிளைசெமிக் குறியீடு. 70-ம் அதற்கு மேலும் போனால் அதிகம். நாம் பி.பி.டி. என்கிற பாபட்லா 5204 புழுங்கலரிசியைச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் சோதித்து 2017-இல் வெளியிட்டது. தீட்டாத அரிசிக்குக் குறியீடு சுமார் 58. வெறும் 2.3 சதவீதம் தீட்டியதும் 73. 4.4 சதவீதம் தீட்டியதும் ஏறக்குறைய 80. ரகம் ஒன்றுதான், மில்லில் போனது தவிடு மட்டும்தான்!

சிறுதானியத்துக்கும் இதே கவனம் வேண்டும். வெள்ளை வெளேரென்று தீட்டிய சாமையில் நார் குறைந்துவிடும். கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும்.

வெந்தயம், பாகல்

வெந்தயத்தை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பல வருஷம் ஆராய்ந்தது. தினம் 25 கிராம் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை குறைந்தது. ஊறவைத்தால் வழவழவென்று வருகிறதே, அந்த நார்தான் குடலில் சர்க்கரை ஏறுவதை மெதுவாக்குகிறது. பாகல் நல்ல காய், குழம்பிலும் பொரியலிலும் தாராளமாகச் சேர்க்கலாம். மாத்திரையோடு தினமும் பாகல் சாறும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் குடிக்கணும்.

நாம் செய்ய வேண்டியது

மில்லில் உமியை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் காறும், வண்டும் விழும். ஆகவே விற்கிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, பையில் அரைத்த தேதி போடுங்கள். ஊறவைத்துச் சமைக்கச் சொல்லுங்கள். தீட்டாததும் அரிசிதான், அளவோடு சோறு, கூடுதலாகக் காயும் பயறும் என்று சொல்லிக் கொடுங்கள். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்தால் எது ஒத்துக்கொள்கிறது என்று அவர்களுக்கே தெரியும்.

பையில் "சர்க்கரை நோய் குணமாகும்" என்று மட்டும் எழுதாதீர்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டம் அப்படி விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. நீரிழிவு அதன் பட்டியலிலேயே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நம் பேச்சை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் போவது அவருடைய கண்ணும் சிறுநீரகமும். மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து இலவசமாகத் தருகிறார்கள்.

சுகர் குறையுமா என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: "மாத்திரையை விடாதீங்க. தட்டுல இருக்கிற வெள்ளைச் சோத்தை மாத்துங்க. மீதியை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்." இப்படிச் சொல்வதால் வியாபாரம் குறையவில்லை. கேட்டவர்கள் அடுத்த மாதமும் வருகிறார்கள்.