புழுங்கலரிசியும் புலம்பெயர்ந்த தமிழரும்

மனிதன் பிறந்த மண்ணை விட்டு வேற்று நாட்டிற் குடியேறும்பொழுது அவனுடைய உடை மாறுகிறது. பேச்சிற் புதுச் சொற்கள் கலக்கின்றன. இரண்டு தலைமுறைக்குள் தாய்மொழியே தடுமாறுவதும் உண்டு. ஆனால், அவன் வீட்டு அடுப்பங்கரை மட்டும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

திருப்பதிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவரைக் கேட்டுப் பாருங்கள். முதல் மாதத்தில் அவர் வீட்டாரிடம் சொல்லும் குறை பெரும்பாலும் பாடத்தைப் பற்றியதாக இராது. சோற்றைப் பற்றியதாகவே இருக்கும். "இங்கே எங்கும் பச்சரிசிச் சோறு, வயிற்றில் நிற்பதில்லை" என்பார். ஆந்திர நண்பரோ, "புழுங்கலரிசியில் ஒரு வாடை வருகிறதே, அதை எப்படி உண்கிறீர்கள்?" என்று நகைப்பார். இது வெறும் நாக்குச் சண்டை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால், இதே பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் உள்ள வேறுபாடு ஒரு காலத்தில் பல்லாயிரவர்க்கு உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாக இருந்தது. அதை உலகுக்கு உணர்த்தியவற்றுள் ஒன்று, மலாயாவிற் குடியேறிய ஏழைத் தமிழரின் சோற்றுப்பானை. அவ்வரலாற்றை நம் சங்க அன்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் கடந்த பானை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு வந்து ஆள் திரட்டினர். நாகப்பட்டினத்திற் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கித் தோட்டத்து இலயங்களை அடைந்தனர். அவர்கள் உண்டது புழுங்கலரிசி. ஊரில் உண்டு பழகிய அரிசியையே அவர்கள் அங்கும் கேட்டனர். ஆகவே அவர்களுக்கென்று இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் புழுங்கலரிசி கப்பலில் வந்தது.

அதே நாட்டில் வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் சயாமிலிருந்து வந்த பச்சரிசியை உண்டனர். ஆலையில் நன்றாகத் தீட்டப்பெற்று முத்துப் போல வெண்மையாக இருந்த அரிசி அது. அவர்களிடையே பெரிபெரி என்னும் நோய் கொள்ளை கொள்ளையாகப் பரவிற்று. முதலிற் கால் மரத்துப் போகும்; பிறகு நடை தள்ளாடும்; உடல் நீர் கோத்து வீங்கும்; முடிவில் இதயம் தளர்ந்து உயிர் போகும். மருத்துவமனைகள் இந்நோயாளிகளால் நிறைந்தன. வியப்பு என்னவென்றால், அதே வெயிலில், அதே மழையில், அதனினும் குறைந்த கூலிக்கு உழைத்த தமிழர்களை இந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. தம் வயலில் விளைந்த நெல்லை வீட்டிலேயே குத்தி உண்ட மலாய் மக்களிடமும் அது அருகியே காணப்பட்டது.

நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் இதைக் கூர்ந்து நோக்கினார். நோய்க்குக் காரணம் அரிசியே என்று 1907ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூல் எழுதினார். எனினும், பழைய பச்சரிசியிற் பூஞ்சை பிடித்து நஞ்சு உண்டாகிறது என்று அவர் கருதினார். அவர் கண்ட உண்மை சரி. கூறிய காரணம் தவறு. விஞ்ஞானத்தில் இவ்வாறு நேர்வது புதிதன்று.

இரண்டு சோதனைகள்

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினர்க்குச் சயாம் பச்சரிசியும் மற்றவர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். பச்சரிசி உண்டவரிடையே பெரிபெரி பரவிப் பலர் மாண்டனர். புழுங்கலரிசிப் பகுதியில் நோய் புதிதாகத் தோன்றவில்லை. கட்டிடத்தில் ஏதேனும் கோளாறோ என்று ஐயுற்று இரு பகுதியினரையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். நோய் கட்டிடத்தோடு தங்கவில்லை, பச்சரிசியோடு சென்றது.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் இருவரும் 1907 முதல் காட்டில் சாலை போடச் சென்ற சாவகத் தொழிலாளர் ஏறக்குறைய முந்நூறு பேரிடம் இதே சோதனையைச் செய்தனர். பச்சரிசிக் கூட்டத்தில் நோய் கண்டவுடன் அரிசியை மாற்றிக் கொடுத்தனர். முதற்கூட்டத்தில் நோய் நின்றது. சில மாதங்களில் மற்றக் கூட்டத்தில் தோன்றியது. தீட்டும்போது தவிட்டோடு போகும் ஏதோ ஒரு பொருள்தான் காவல் என்பதை இவ்விருவரும் உறுதி செய்தனர். இச்சோதனைகளை இன்று எவரும் செய்யத் துணியார். தம் விருப்பத்தைச் சொல்ல இயலாத மனநோயாளரும் ஏழைத் தொழிலாளரும் தந்த விலை அது என்பதை அறிவியல் மாணவர் மறத்தலாகாது.

நெல்லூரிற் பிறந்தவர் கண்ட பொருள்

அந்தப் பொருள் யாது? சாவகத் தீவில் டச்சு மருத்துவர் எய்க்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் நடக்க மாட்டாமல் விழுவதையும், தவிடு கொடுத்தால் எழுவதையும் 1890ஐ அடுத்த ஆண்டுகளிலேயே கண்டிருந்தார். 1912இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்று பெயர் சூட்டினார். 1926இல் யான்சன், தோனாத் இருவரும் தவிட்டிலிருந்து இதைப் படிகமாகப் பிரித்தனர். 1936இல் இதை ஆய்வுக்கூடத்திற் செயற்கையாக ஆக்கி வெற்றி கண்டவர் இராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நமக்கு அண்டையிலுள்ள நெல்லூர்! அங்குப் பணியாற்றிய பாதிரியார் குடும்பத்தில் 1886ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். அப்பொருளே தயமின் எனப்படும் வைட்டமின் பி1.

நாம் உண்ணும் மாச்சத்தை உடல் எரித்து ஆற்றலாக்கத் தயமின் துணை நிற்கிறது. அஃது இல்லையேல் வயிறு நிறைந்தும் நரம்பும் இதயமும் பட்டினி கிடக்கும். நாளொன்றுக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான். ஆனால் உடல் இதைச் சேமித்து வைப்பது சில வாரங்களுக்கே.

நெல்லின் தவிட்டிலும் முளையிலுமே தயமின் மிகுதி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரிற் கரையும் இப்பொருள் அரிசியின் உள்ளே இறங்குகிறது. மாவும் இளகி இறுகி அதனைப் பிடித்துக் கொள்கிறது. பிறகு தீட்டினாலும் கழுவினாலும் பச்சரிசியைப் போல அது முற்றும் போய்விடுவதில்லை. நெல் அவித்த நம் பாட்டிமார் வைட்டமினை நினைத்து அவிக்கவில்லை. ஆனால் பயன் மட்டும் அவர்கள் மக்களுக்குக் கடல் கடந்தும் கிடைத்தது.

நம் நாட்டு உணவுப் பட்டியல்களில் நெடுநாளாக வழங்கிவரும் கணக்கைப் பாருங்கள். நூறு கிராம் ஆலைப் பச்சரிசியில் தயமின் 0.06 மில்லிகிராம், ஆலைப் புழுங்கலரிசியில் 0.21, கைக்குத்தற் புழுங்கலில் 0.27. நாளொன்றுக்கு நானூறு கிராம் அரிசி உண்பவன் முதலாவதிலிருந்து பெறுவது 0.24 மில்லிகிராம், இரண்டாவதிலிருந்து 0.84. சமைக்கையில் இழப்பது இவற்றினும் தள்ளுபடி. வேறு உணவு மிகுதியாகக் கிடைக்காத ஏழைக்கு இந்த வேறுபாடே உயிர்.

இந்தியாவிலும் இதே கதை நடந்தது. அக்காலத்துச் சென்னை மாகாணத்தில், பச்சரிசி உண்ட வடசர்க்கார்க் கடற்கரை மாவட்டங்களிற் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அவ்வாறில்லை. இதை ஆராய 1918ஆம் ஆண்டில் குன்னூரில் ஒரே அறையில் மக்கரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகிறது.

சோறு மட்டும் போதுமா?

தோட்டத் தமிழர் புழுங்கலரிசியால் நலமாக வாழ்ந்தனர் என்று எவரேனும் முடிவு கட்டினால் அது பெரும்பிழை. மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தச் சோகையும் அவர்களை வாட்டின. கூலியில் ஒரு பகுதியைக் கள்ளுக்கடை தின்றது. பெரிபெரி ஒன்றிலிருந்து காத்தது சோறு. மற்றவற்றிலிருந்து காத்திருக்க வேண்டியவை நல்ல வீடு, தூய நீர், மருத்துவம், நியாயமான கூலி.

அந்தச் சோறும் தம் கையில் இல்லாதபோது என்ன நேரும் என்பதை 1942-43ஆம் ஆண்டுகள் காட்டின. சப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். கொடுத்ததை உண்டு, அடித்தபடி உழைத்தனர். வாந்திபேதியும் மலேரியாவும் சீதபேதியும் பெரிபெரியும் சேர்ந்து பல்லாயிரவரைக் கொன்றன. உணவு தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையாக இருக்கும் வரைதான் அது காவல்.

மீண்டவர்கள் மறுபடியும் எழுந்தனர். பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டத்திற் பள்ளி வைத்தல் வேண்டும் என 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. அப்பள்ளிகள் பல பெயரளவில் இருந்தன. ஆயினும் அவற்றிலிருந்தே ஆசிரியரும் எழுத்தரும் மருத்துவரும் தோன்றினர். வெள்ளையர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, வீ. தி. சம்பந்தனார் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பால் மரம் வெட்டிய தொழிலாளர் சிறுகச் சேர்த்த பணம் தோட்டங்களையே விலைக்கு வாங்கிற்று. பட்டம் பெறுவது மட்டும் சாதனையன்று, இதுவும் சாதனையே.

ஆனால், வாழ்வு உயர உயர வேறொரு நோய் வந்து புகுந்தது. இன்றைய மலேசியாவில் எடுக்கப்பெறும் தேசிய உடல்நல ஆய்வுகள், பெரிய இனங்களுள் இந்தியரிடையேதான் நீரிழிவு மிகுதி என்று மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. அவர்களுட் பெரும்பாலோர் தமிழர். தாத்தா விடியலில் எழுந்து மரம் வெட்டினார். பேரன் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்கிறான். இலையிற் சோற்றுக் குவியல் மட்டும் குறையவில்லை. அதனோடு சர்க்கரையும் சேர்ந்தது. நீரிழிவைப் பொறுத்தவரையில் புழுங்கலும் சோறுதான். பெரிபெரியிலிருந்து காத்தது என்பதற்காக அதனை அளவின்றி உண்பது நன்றியுணர்ச்சி ஆகாது!

நாம் செய்யத்தக்கது

நானும் பிழைப்பு நாடி ஊர் விட்டு வந்த குடும்பத்தைச் சேர்ந்தவன். ஆதலால் இக்கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வியன்று. திருப்பதியில் நாம் பச்சரிசி உண்பதால் பெரிபெரி வந்துவிடுமா? வராது, இலையில் வேறு உணவும் இருக்குமானால்! இம்மண்ணிலேயே அதற்கு விடை இருக்கிறது. சித்தூர்ப் பகுதி மக்கள் விரும்பி உண்ணும் கேழ்வரகுச் சங்கடியில் நூறு கிராம் மாவுக்குத் தயமின் 0.42 மில்லிகிராம், சுண்ணாம்புச் சத்தோ 344 மில்லிகிராம். அரிசியில் பின்னது பத்தே மில்லிகிராம். இவ்வட்டாரத்து நிலக்கடலையில் தயமின் 0.90. சங்கடியும் கடலைச் சட்னியும் கீரைப் பருப்பும் சேர்ந்த ஒரு வேளை உணவை, 'நம் ஊர்ச் சாப்பாடு அன்று' என்று ஒதுக்கும் தமிழ் மாணவர், புழுங்கலரிசியின் பாடத்தைத் தலைகீழாகப் படித்தவர் ஆவார்.

நம் முன்னோரைக் காத்தது அரிசியின் பெயரன்று. தவிட்டின் சத்தை வீணாக்காத அந்தப் பக்குவம். அதைப் போன்ற பக்குவம் ஒவ்வொரு மண்ணிலும் உண்டு. கஞ்சியை வடித்துக் கொட்டாதீர். அரிசியை ஏழு முறை கழுவாதீர். தேர்வுக் காலத்திற் காலை உணவைத் தேநீரோடு முடித்துக் கொள்ளாதீர். தமிழகத்திலிருந்து வரும் நண்பர் வீட்டுப் புழுங்கலரிசியைக் கொண்டு வரட்டும். திருப்பதி நண்பரின் வீட்டுச் சங்கடியையும் கேட்டு உண்ணட்டும். கொண்டுவந்ததைக் காத்து, வந்த இடத்தில் உள்ளதைக் கற்று, உடலும் அறிவும் ஒருங்கே வளரும் மாணவராக நாம் விளங்குவோமாக!